வைத்தியனை அளக்கும் கோல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். வயதிலும் அறிவிலும் சிறியவனாகிய நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. வைத்திய மாணவர்கள் எவ்வாறு கற்கிறார்கள், அவர்கள் கற்றதை எவ்வாறு அளந்தறிவது என்பது பற்றி மேனாட்டு அறிஞர்கள் சென்ற எழுபது ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சியே அப்பொருள்.

"இது வைத்தியர்களுக்குரிய பேச்சன்றோ, எமக்கென்ன?" என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நம்முள் எவராயினும் ஒரு நாள் வைத்தியர் ஒருவர் முன்னே அமர்ந்து நாக்கை நீட்டியே ஆகவேண்டும். அவ்வேளையில் அவருடைய சான்றிதழை நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. யாரோ எங்கோ இவரைச் சோதித்து, "இவர் கையில் உயிரை ஒப்படைக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலேயே இருக்கிறோம். அந்தத் தீர்ப்பு எப்படிச் செய்யப்பட்டது? அது நம்பத்தக்கதுதானா? இந்தக் கேள்வி வைத்தியருக்கு மாத்திரம் உரியதன்று. நோயாளராகப் போகும் நம் எல்லோருக்கும் உரியது.

முதலிற் பழைய வரலாறு சிறிது கூறுவேன். 1910-ஆம் ஆண்டிலே ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியக் கல்லூரிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் வைத்தியர் அல்லர். பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர். பல கல்லூரிகளில் ஆய்வுகூடமும் இல்லை, நோயாளரைப் பார்க்க வைத்தியசாலையும் இல்லை என்பதை அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். அதன்பின்னர் தரங்குறைந்த கல்லூரிகள் பல மூடப்பட்டன. எஞ்சியவற்றிலே விஞ்ஞானக் கல்வி வேரூன்றியது. ஆனால், நல்ல கல்லூரியிலும் கற்பித்தல் சரியாக நடைபெறுகிறதா, பரீட்சை சரியாக அளக்கிறதா என்று ஆராய்வார் நெடுங்காலம் இருக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுகளிலேதான் பஃபலோ சர்வகலாசாலையில் ஜோர்ஜ் மில்லர் என்னும் வைத்தியப் பேராசிரியர், கல்வித் துறை அறிஞரோடு கூடியிருந்து இதனை ஆராயத் தொடங்கினார். நோயை ஆராய்வதற்குக் காட்டும் கண்டிப்பைக் கற்பித்தலை ஆராய்வதற்கும் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. 1959-இல் அவர் இலினோய் சர்வகலாசாலைக்குச் சென்று, இவ்வாராய்ச்சிக்கென்றே ஒரு பிரிவை அமைத்தார்.

இனி, அக்காலத்துப் பரீட்சை எப்படி இருந்தது என்பதைப் பார்ப்போம். மாணவன் ஒருவனிடம் ஒரு நோயாளியை ஒப்படைப்பர். அவன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நோயாளியோடு பேசி, உடலைப் பரிசோதித்து, நோய் இன்னது என்று முடிவு செய்வான். பின்னர் பரீட்சகர் வந்து கேள்விகள் கேட்டுப் புள்ளி வழங்குவார். மாணவன் நோயாளியை எவ்வாறு பார்த்தான் என்பதைப் பெரும்பாலும் அவர் நேரிலே கண்டிருக்கமாட்டார். இம்முறையில் இரண்டு அதிர்ஷ்டங்கள் இருந்தன. ஒன்று நோயாளியின் அதிர்ஷ்டம்: ஒருவனுக்கு எல்லாம் தெளிவாகச் சொல்லும் நோயாளி கிடைப்பார், மற்றொருவனுக்கு வாய் திறவாதவர் கிடைப்பார். மற்றையது பரீட்சகரின் அதிர்ஷ்டம்: ஒருவர் இரக்கமுள்ளவர், ஒருவர் கடுமையானவர். ஒரே மாணவனுக்கு இருவர் வழங்கும் புள்ளிகள் ஒத்துவராமையைக் கண்டு, அமெரிக்காவின் தேசிய வைத்தியப் பரீட்சைச் சபை 1960-ஆம் ஆண்டுகளிலே நோயாளியின் கட்டிலருகே நடத்திய பரீட்சையைக் கைவிட்டுவிட்டது.

இதனிலும் ஆழமான உண்மை ஒன்று 1978-இல் வெளிவந்தது. மிச்சிகன் மாநில சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆதர் எல்ஸ்டீனும் அவருடைய துணைவர்களும், வைத்தியர்கள் நோயைக் கண்டுபிடிக்கும்போது எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். கெட்டிக்கார வைத்தியரிடம் பொதுவான சிந்தனை முறை ஒன்று இருக்கும், அதனைக் கண்டெடுத்து மாணவருக்கு ஊட்டிவிடலாம் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. ஆராய்ச்சி வேறு கதை சொன்னது. தேர்ந்தவரும் தொடக்கநிலையிலுள்ளவரும் ஒரே விதமாகவே முதற் சில நிமிடங்களுக்குள் "இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம்" என்று ஊகங்கள் கொள்கின்றனர். வேறுபாடு முறையில் இல்லை. அவரவர் உள்ளத்திற் சேர்த்துவைத்த அறிவிலும் கண்டு பழகிய நோயாளரிலுமே இருக்கிறது. ஆகவே, நெஞ்சுநோயிலே திறமை காட்டியவன் மூட்டுநோயிலும் திறமை காட்டுவான் என்பதற்கு உறுதியில்லை. ஒரு நோயாளியைக் கொண்டு ஒருவனை அளந்தால், நாம் அளப்பது அவனை அன்று. அந்த நோயைப் பற்றி அவன் அறிந்ததை மாத்திரமே.

இந்த இடர்களை நீக்க இரண்டு வழிகள் கண்டனர். 1963-ஆம் ஆண்டிலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹவாட் பரோஸ் என்னும் நரம்பு வைத்தியர், சுகதேகியான பெண் ஒருவரை நரம்பு நோயாளியைப் போல நடிக்கப் பயிற்றினார். எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி, ஒரே முறைப்பாடு. "வைத்தியக் கல்வியை நாடகமேடை ஆக்குகிறார்" என்று நகைத்தோர் உண்டு. பிற்காலத்திலோ அம்முறை உலகெங்கும் பரவிற்று. 1975-இல் ஸ்கொத்லாந்திலுள்ள டண்டி நகரிலிருந்து றொனால்ட் ஹார்டன் என்பவரும் அவருடைய துணைவர்களும் மற்றொரு வழியை எழுதி வெளியிட்டனர். பரீட்சையைப் பல சிறு நிலையங்களாகப் பிரித்தனர். ஒரு நிலையத்தில் நோயாளியிடம் வரலாறு கேட்கவேண்டும். மற்றொன்றில் வயிற்றைப் பரிசோதிக்கவேண்டும். வேறொன்றில் எக்ஸ்-றே படத்தைப் பார்த்து விடை எழுதவேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மணி அடிக்கும். மாணவர் யாவரும் அடுத்த நிலையத்துக்கு நகர்வர். ஒவ்வொரு நிலையத்திலும் வேறு பரீட்சகர், வேறு வேலை. ஒருவருடைய கடுமையை மற்றொருவருடைய இரக்கம் ஈடுசெய்யும்.

இம்முறையின் வெற்றிக்குக் காரணம் என்ன? புள்ளித் திட்டத்தை வரிவரியாக எழுதி வைத்தமையே என்று முதலிற் கருதினர். பின்னர் நெதர்லாந்து நாட்டிலே மாஸ்ட்ரிக்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த வான் டெர் விளூட்டன் முதலியோர் ஆராய்ந்து, முக்கிய காரணம் அதுவன்று என்று காட்டினர். எழுத்துப் பரீட்சையாயினும், வாய்மொழிப் பரீட்சையாயினும், நிலையப் பரீட்சையாயினும், ஒரு மணி நேரத்தில் நடத்தி முடித்தால் எதுவும் போதிய நம்பிக்கை தருவதில்லை. பல மணி நேரம், பல நோயாளர், பல பரீட்சகர் என விரித்தால் எல்லாமே நம்பத்தக்கனவாகின்றன. கோலின் பெயர் முக்கியமன்று. எத்தனை இடத்திலே வைத்து அளக்கிறோம் என்பதே முக்கியம். நெல் மூட்டையின் வாயில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து விலை பேசுபவன் ஏமாறுவான். அடியிலும் நடுவிலும் குத்திப் பார்ப்பவனே வியாபாரி.

இவ்விடத்தில் மில்லரை மறுபடியும் நினைவுகூர வேண்டும். 1990-ஆம் ஆண்டிலே அவர் நான்கு படிகள் கொண்ட கூம்பகம் ஒன்றை வரைந்து காட்டினார். அடிப்படி, ஒரு விடயத்தை அறிந்திருத்தல். இரண்டாம் படி, அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று அறிந்திருத்தல். மூன்றாம் படி, பிறர் பார்க்கச் செய்துகாட்டுதல். உச்சிப்படி, எவரும் பரீட்சிக்காத சாதாரண நாளிலும் அவ்வாறே செய்தல். வினாத்தாள் கீழிரண்டு படிகளை அளக்கும். டண்டி நகரத்து முறை மூன்றாம் படியை அளக்கும். நமக்கு வேண்டியதோ நான்காம் படி. நள்ளிரவிலே, தூக்கக் கண்ணோடு, இருபதாவது நோயாளியை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதன்றோ நம் உயிரைத் தீர்மானிப்பது? இதற்காக, 1995-இல் ஜோன் நோர்சினி முதலியோர் அமெரிக்காவிலே ஒரு சிறிய முறையை வெளியிட்டனர். பயிற்சி வைத்தியர் தம் அன்றாட வேலையைச் செய்யும்போது மூத்த வைத்தியர் ஒருவர் அருகே நின்று சிறிது நேரம் கவனிப்பார். உடனேயே நல்லதையும் திருத்தவேண்டியதையும் சொல்வார். வேறு நாள், வேறு நோயாளி, வேறு மூத்தவர் என்று இது பன்முறை நடக்கும். இங்கே அளத்தலும் கற்பித்தலும் ஒன்றாகிவிடுகின்றன.

அளப்பதே கற்பிப்பதும் ஆகும் என்பதை மற்றொரு ஆராய்ச்சி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. மாணவ நண்பர்கள் இதனைச் சற்றுக் கவனித்துக் கேட்கவேண்டும். 2009-இல் லார்சன், பட்லர், ரோடிகர் என்னும் மூவர், பயிற்சி வைத்தியர்களுக்கு இரண்டு நோய்களைப் பற்றிப் பாடம் நடத்தினர். பின்னர் சில வார இடைவெளிகளில், ஒரு நோயைப் பற்றி அவர்களுக்குச் சிறு சோதனைகள் வைத்து விடையும் கொடுத்தனர். மற்ற நோயைப் பற்றிய குறிப்பை மறுபடியும் வாசிக்கக் கொடுத்தனர். ஆறு மாதத்துக்கு மேற் கழிந்தபின் எல்லோரையும் சோதித்தபோது, சோதனை வைத்துக் கற்ற பாடத்தில் நூற்றுக்கு 39 புள்ளியும், திரும்ப வாசித்துக் கற்ற பாடத்தில் 26 புள்ளியும் பெற்றனர். நாம் என்ன செய்கிறோம்? குறிப்புப் புத்தகத்தை மூன்று முறை, நான்கு முறை வாசித்து, சிவப்பு மையாற் கோடிட்டு, "எல்லாம் தெரியும்" என்று திருப்தி அடைகிறோம். கண்ணுக்குப் பழகியதை உள்ளத்திற் பதிந்தது என்று மயங்குகிறோம். புத்தகத்தை மூடிவைத்து, வெறுந்தாளில் எழுதிப் பார்ப்பவனுக்கே எது நின்றது, எது நழுவியது என்பது தெரியும். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே வாத்தியார் பாடம் ஒப்புவிக்கச் சொன்னது வெறும் தண்டனையன்று என்பதை இப்பொழுது உணர்கிறோம்.

பட்டம் பெற்றபின் என்ன நடக்கிறது? வருடம் ஏற ஏற அனுபவமும் ஏறும், அனுபவம் ஏறினால் திறமையும் ஏறும் என்றே நாம் நம்புகிறோம். 2005-ஆம் ஆண்டிலே சௌத்ரி முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர், இதுபற்றி முன்னர் செய்யப்பட்ட 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை, தொழில் ஆண்டுகள் கூடக் கூட வைத்தியரின் அறிவோ சிகிச்சைத் தரமோ குறைந்துசெல்வதாகவே காட்டின. பெரியோர்கள் என்மேற் சினங்கொள்ளக் கூடாது. அனுபவம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. புதியது கல்லாத அனுபவம் தேய்ந்துபோகும் என்பதே பொருள். "என் குறையை நானே அறிந்து திருத்துவேன்" என்றும் ஒருவர் சொல்லலாம். 2006-இல் டேவிஸ் முதலியோர், வைத்தியர் தம்மைத் தாமே மதிப்பிட்டதையும் பிறர் அளந்ததையும் ஒப்பிட்ட 20 ஒப்பீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 13-இல் இரண்டுக்கும் பொருத்தமே இல்லை, அல்லது சொற்பம், அல்லது நேர்மாறு. சில ஆய்வுகளிலே திறமை மிகக் குறைந்தவர்களே தம்மை மிகத் தவறாக மதிப்பிட்டனர். தன் முதுகைத் தான் காண முடியாது; பிறர் கண் வேண்டும்.

இனி, இச்சங்கத்தின் நோக்கத்துக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். ஒழுக்கத்தை அளக்க முடியுமா? 2005-இல் பபடாகிஸ் முதலியோர், அமெரிக்காவின் மூன்று வைத்தியக் கல்லூரிகளிற் படித்து, பிற்காலத்தில் வைத்திய சபைகளாற் தண்டிக்கப்பட்ட 235 வைத்தியரின் மாணவப் பருவத்துப் பதிவேடுகளை எடுத்தனர். தண்டனை பெறாத 469 பேரின் பதிவேடுகளோடு அவற்றை ஒப்பிட்டனர். மாணவனாக இருந்த காலத்தில் நடத்தைக் குறை பதியப்பட்டிருந்தோர்க்கும் பிற்காலத் தண்டனைக்கும் வலிய தொடர்பு காணப்பட்டது. அவற்றுள்ளும் மிக வலிய தொடர்புடையது பொறுப்பின்மை: ஒப்புக்கொண்ட வேலைக்கு வராமை, நோயாளியைக் கவனியாது விடுதல் போன்றவை. தன் பிழையைச் சுட்டிக்காட்டினால் ஏற்றுத் திருந்தாமையும் அத்தகையதே. கனடாவிலே தம்ளின் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. 1993 முதல் 1996 வரை அனுமதிப் பரீட்சை எழுதி, ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் தொழில் செய்த 3,424 வைத்தியரைத் தொடர்ந்து பார்த்ததிலே, நோயாளரோடு பேசும் திறமையிற் குறைந்த புள்ளி பெற்றவர்கள்மீதே பிற்காலத்தில் அதிக முறைப்பாடுகள் வந்தன.

ஈண்டு ஒரு எச்சரிக்கை சொல்வேன். மாணவப் பருவத்தில் தவறிய எல்லோரும் கெட்ட வைத்தியராகவில்லை. மிகப் பலர் நல்லவராகவே வாழ்ந்தனர். ஆகவே இந்த ஆராய்ச்சி இளைஞனின் நெற்றியிலே முத்திரை குத்துவதற்கன்று. காலத்திலே கைகொடுத்துத் திருத்துவதற்கு. மேலும், கெட்டுப்போவது இளைஞனால் மாத்திரம் அன்று. பிலடெல்பியா நகரிலே ஜெபர்சன் வைத்தியக் கல்லூரி மாணவரிடம் வினாக்கள் கேட்டு ஹோஜட் முதலியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவரின் பரிவு முதலிரண்டு ஆண்டுகளிற் குறையவில்லை. மூன்றாம் ஆண்டிலேதான் குறைந்தது. அவர்கள் நோயாளரை நாள்தோறும் காணத் தொடங்கும் ஆண்டு அதுவே! பரிவு வளரவேண்டிய இடத்தில் அது வாடுமானால், வேலைப்பளுவையும், மூத்தவர்கள் காட்டும் முன்மாதிரியையும் அன்றோ நாம் ஆராயவேண்டும்?

இத்தனை அளவைகளும் இலவசமாக வருவனவல்ல. அமெரிக்க அனுமதிப் பரீட்சையிலே, நடிக்கும் நோயாளரைக் கொண்டு பேச்சையும் பரிசோதனையையும் அளக்கும் பகுதி ஒன்று 2004-இற் சேர்க்கப்பட்டது. அது ஐந்து நகரங்களில் மாத்திரம் நடந்தது. பிரயாணச் செலவோடு, பிற்காலத்தில் ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட கட்டணமும் சேர்ந்தது. மாணவரிடையே எதிர்ப்புக் கிளம்பிற்று. கொள்ளைநோய்க் காலமாகிய 2020-இல் நிறுத்திவைக்கப்பட்டு, 2021 ஜனவரியில் அது முற்றாகவே கைவிடப்பட்டது. வான் டெர் விளூட்டன் 1996-இலேயே சொல்லிவைத்தார்: பரீட்சை ஒன்றை மதிப்பிடும்போது நம்பகம், பொருத்தம், கற்றலில் அது விளைக்கும் பயன், ஏற்போரின் மனம், செலவு ஆகிய ஐந்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று. ஆனால், நோயாளரோடு பேசுவது ஒரு பரீட்சையிலும் இல்லாவிடின், மாணவன் அதனைக் கற்கச் செலவிடும் நேரம் குறையும். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே மாணவன் படிப்பான். இது அவன் குற்றமன்று. பரீட்சை அமைப்போரின் பொறுப்பு.

நோயாளரோடு பேசுதல் என்றதும் நம் நாட்டவர் மறக்கக்கூடாத ஒருவர் நினைவு வருகிறது. மிசன் பாடசாலையிற் கற்ற நான், இந்து மக்களின் சபையிலே அவர் பெயரைச் சொல்லக் கூசவில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848-இலேயே நம்மவருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். பின்னாளிலே மானிப்பாயில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம் முதலிய துறைகளிலே நூல்களையும் தமிழாக்கினார். கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870-இலேதான் தொடங்கியது. கிறீன் சமயம் பரப்ப வந்தவர் என்பது உண்மை. அதனோடு, கிராமத்துத் தாய் தன் வலியைத் தன் மொழியிற் சொல்ல, அதனை அம்மொழியிலேயே விளங்கிக்கொள்ளும் வைத்தியர் வேண்டும் என்று கண்டவர் என்பதும் உண்மை. இன்றைய ஆராய்ச்சி புள்ளிக்கணக்காற் காட்டுவதை அவர் கட்டிலருகே நின்று உணர்ந்தார். நோயாளியின் மொழியில் வைத்தியன் கேட்கத் தெரிந்தானா என்பதை அளவாத பரீட்சை, அவனை முழுமையாக அளந்ததாகாது.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சமூகத்திலே உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள் ஒரு திருவிழாப் போன்றது. வைத்தியத் துறைக்குத் தெரிவான பிள்ளையின் வீட்டிலே மகிழ்ச்சி. தவறிய பிள்ளையின் வீட்டிலே இழவு வீட்டின் அமைதி. சில மணி நேரத்துத் தாள்கள் ஒரு பிள்ளையின் பெறுமதியை முடிவுசெய்துவிட்டதாக நாம் நடந்துகொள்கிறோம். வைத்தியக் கல்வி ஆராய்ச்சி நமக்குச் சொல்வது இதற்கு மாறானது. ஒரு நாளில், ஒருவர், ஒரு கோலால் அளந்ததை வைத்து ஒரு மனிதனைத் தீர்த்துவிடாதே. பல நாள், பல கண்கள், பல வேலைகளில் வைத்துப் பார். பார்த்ததை அவனிடம் அன்போடு சொல். மறுபடியும் பார் என்பதே அது. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல் என ஒரு அதிகாரம் வகுத்து, அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என வேறொரு அதிகாரம் வைத்தார். ஆராய்ந்து தெளிவது ஒன்று. தெளிந்தவனுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து, அவன் செய்வதைக் கவனித்துக்கொண்டிருப்பது மற்றொன்று. முதலாவதோடு கடமை முடியவில்லை.

இளைஞர்களே, சிரமதானத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டால் அந்த நேரத்துக்கு வாருங்கள். பிழையைச் சொன்னால் முகங்கோணாது கேளுங்கள். புத்தகத்தை மூடிவைத்து உங்களை நீங்களே சோதியுங்கள். பெரியோர்களே, பிள்ளையிடம் "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் வாயால், "இன்றைக்கு யாருக்கு உதவினாய்?" என்றும் கேளுங்கள். நாம் எதைக் கேட்கிறோமோ அதையே அவர்கள் கற்பார்கள்.